பெரியப்பா வண்டியின் பாட்டரி

பெரியப்பாவின் சந்தேகத்துக்கு ஆளாகாதவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்பது எல்லோருக்கும் வருகிற சந்தேகம். பால் கெட்டியாக இருந்தால், இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம் வரும். மொரப்பூர் ஸ்டேஷன் கடிகாரத்தையும், ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறவரையும் அவர் ஒரே மாதிரியாகத்தான் பார்ப்பார்.

யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் ஏலம் விட்ட பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை அவர் எடுத்து வந்தார். புளி மூட்டை ஏற்றத்தான் என்று நினைத்தோம். அவர் அதை வீடாக்கினார். காயம்பட்டவர்களைக் கிடத்திய இடத்தில் மடக்குகிற பலகைக் கட்டில்கள் வந்தன. தண்ணீர்க் குடம் கவிழாமலிருக்க ஓர் இரும்பு வளையம், கூரையில் ஒரு பல்பு, சுவரில் சின்னக் கதவுகள் வைத்த மாடம், அதற்குள் மாதா சுரூபம். கோடை விடுமுறையில் பெரியம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக மாதா கோவில் திருவிழாக்களுக்குப் புறப்பட்டார். பெட்ரோல் ரேஷனில் கிடைத்த காலம். வண்டி கொஞ்ச தூரம் ஓடும். பல நாள் நிற்கும்.

திருவிழா பார்க்கிற ஆசையால் அல்ல அந்தப் பயணம். பெரியம்மாவின் ஒரே மகன், என் அண்ணன், பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவன். யுத்தம் முடிந்தும் அவன் திரும்பவில்லை. இறந்தான் என்றும் யாரும் சொல்லவில்லை. பெரியப்பா அவன் பேச்சையே விட்டுவிட்டார். பெரியம்மா கோவில் கோவிலாக நேர்ந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் மாதா முன்னால் இரவும் பகலும் எண்ணெய் விளக்கு எரிந்தது. பெட்ரோல் வண்டிக்குள் நெருப்பு கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டதால், மாடத்துக்குள் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குட்டி பல்பு பொருத்தினார்கள். செபம் சொல்லும்போது போட்டு, முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது உத்தரவு. பெரியம்மா செபம் முடிந்ததும் மாடத்தின் கதவைத்தான் சாத்தினாள். விளக்கை நிறுத்தவில்லை.

எனக்கு இது தெரிந்தது திருட்டுத்தனத்தால். பொரி உருண்டை ஒளித்துவைத்திருப்பாளோ என்று ஒரு மத்தியானம் மாடத்தைத் திறந்தேன். உள்ளே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"வூட்டுல எரிஞ்ச வெளக்குதான் கண்ணு இது. இதைப் போட்டுட்டுத்தான் அதை அமத்தினேன். நடுவுல ஒரு நொடிகூட வுடல. இது நின்னா அண்ணன் உசுருக்கு ஆவாது. பெரியப்பா கிட்ட சொல்லிறாத."

நான் சத்தியம் செய்துகொடுத்தேன். அண்ணனின் உயிர் அந்தக் குட்டி பல்புக்குள் இருக்கிறது என்று முழுமனதாக நம்பினேன்.

வண்டியை ஓட்டியவர் பட்டாளத்தில் லாரி ஓட்டித் திரும்பியவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்; ஓசூர்ப் பக்கம். இந்தக் கோடை முழுதும் ஒழுங்காக ஓட்டினால் கடத்தூரில் ஒரு பஸ் முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கித் தருவதாகப் பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வேலையை நம்பித்தான் அவர் எங்களோடு சுற்றினார். மனைவியும் கைக்குழந்தையும் மாமியார் வீட்டில் இருந்தார்கள். "அந்த வூட்டுச் சோறு தொண்டையில முள்ளா குத்துது தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

பொம்மிடியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் நின்றபோது தொல்லை ஆரம்பித்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். ஊர்ப் பையன்கள் தள்ளினார்கள். "ஊர்ல எல்லாரும் வூட்டுக்குள்ள இருப்பாங்க, இவுங்க வூட்டையே தள்ளிக்கினு போறாங்கடா" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பில் தள்ளுவதை விட்டுவிட்டார்கள்.

டிரைவர் பாட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கிரீஸ் தடவினார். டைனமோ பெல்ட்டை இறுக்கினார். பாட்டரியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு அரிசி மில்லுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வந்தார். அவர் பாட்டரியில் கை வைக்கிறபோதெல்லாம் பெரியம்மா முந்திக்கொண்டு மரத்தடியில் ஓர் எண்ணெய் விளக்கை ஏற்றிவிடுவாள். ஓரிரு நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் முனகல்.

ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தது. கரண்ட் இல்லாத கடை. அது மோட்டார் பாட்டரியில் பாடியது. பெரியப்பாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"நம்ம பாட்டரிதான்டா ராத்திரியில அங்க போய்ப் பாடுது" என்று என் காதில் சொன்னார். பாட்டரிப் பெட்டியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டச் சொன்னார். காலையில் நூல் கட்டியபடியே இருந்தது. "பாத்தியா, அவுத்துட்டுத் திரும்ப அதே மாதிரி கட்டியிருக்கான். கைகாரன்" என்றார். எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு டிரைவர் தலை சொறிந்தாலும், டீ குடிக்கப் போனாலும், நானும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒரு நாள் காலையில் டிரைவர் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே சோதித்தார். எல்லா ஸ்விட்சையும் நிறுத்தச் சொன்னார். பாட்டரிக் கம்பி ஒன்றைக் கழற்றி, அதே முனையில் மெல்லத் தொட்டார். சின்னதாய் ஒரு பொறி பறந்தது.

"எல்லாம் நிறுத்தியும் பொறி அடிக்குதுங்க, மொதலாளி. உள்ள ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிச்சிக்கினே இருக்குது."

"வண்டிக்குள்ளவா, வெளியவா?" என்றார் பெரியப்பா, டீக்கடையைப் பார்த்துக்கொண்டே.

டிரைவர் உள்ளே ஏறி ஸ்விட்சுப் பலகையைத் திறந்து கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். ஒன்றை விடுவித்துவிட்டுக் கீழே வந்து தொடுவார், பொறி வரும். அடுத்ததை விடுவிப்பார். ஒரு கம்பியை விடுவித்தபோது பொறி வரவில்லை. அந்தக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே சுவரோரமாகப் போனார். விரல் மாடத்துக்கடியில் நின்றது.

மாடத்தின் கதவை முதுகால் மறைத்தபடி பெரியம்மா நின்றிருந்தாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. டிரைவர் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், கழற்றிய கம்பியை இருந்த இடத்தில் வைத்துத் திருகி இறுக்கினார்.

"தெரியலைங்க, மொதலாளி."

"தெரியலியா, சொல்ல முடியலியா?" என்ற பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், நீ பாத்தியா? இவன் பாட்டரியத் தூக்கிக்கினு டீக்கடைப் பக்கம் போனானா?"

மில்லுக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். "போனாருங்க பெரியப்பா" என்றேன்.

"ராத்திரியிலயா?"

இல்லை என்றால் மறுபடியும் கம்பியைத் தேடுவார்கள். மாடத்தைத் திறந்து விளக்கை நிறுத்திவிடுவார்கள். அண்ணன் செத்துப்போவான்.

"ஆமாங்க" என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்து, "தம்பி" என்றார். தன் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனை நோக்கி நடந்தார். பெரியம்மா இலையில் கட்டிய சோற்றோடு பின்னால் ஓடினாள். "வேணாங்கம்மா" என்றவர், அவள் அழுவதைப் பார்த்து வாங்கிக்கொண்டார். திருடனுக்கும் இரங்குகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று கடத்தூர் பஸ் முதலாளிக்குப் பெரியப்பா அன்றைக்கே ஆள் அனுப்பிவிட்டார்.

புது டிரைவர் வந்தார். பாட்டரி முன்போலவே முனகியது. "போறப்ப என்னமோ பண்ணிட்டுப் போயிட்டான் பாவி" என்றார் பெரியப்பா. பொய் சொன்னவன் நான். அப்படியிருந்தும் அதை நம்பித் தலையாட்டினேன். மழைக்காலத்துக்கு முன்பே வண்டியை விற்றுவிட்டார். அண்ணன் வரவேயில்லை.

அந்த டிரைவருக்கு வேலை தெரியாது என்றும், குற்றமற்றவனாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பான் என்றும் பல வருஷம் நினைத்திருந்தேன். சேலத்தில் கல்லூரியில் மின்சாரப் பாடத்தின்போது, பழுதைக் கண்டுபிடிக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் செய்து காட்டினார். பொம்மிடியில் டிரைவர் செய்ததும் அதையேதான். அதன் பிறகாவது நான் ஓசூர்ப் பக்கம் போய் அவரைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. பெரியப்பா உயிரோடு இருந்த வரை அவரிடமும் சொல்லவில்லை.

மாடத்துக்குப் போகிற கம்பியைக் கண்டுபிடித்து, அதைத் திரும்ப இறுக்கி முடித்த பிறகுதான் அவர் "தெரியலைங்க" என்றார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது அன்று புரியவில்லை.