பெரியம்மா தலை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை

என் மனைவியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் கடைசிவரை அவளுக்காகப் பதறிக்கொண்டிருப்பார்கள். அவள் பிழைத்து வந்துவிட்டாள். இதை எழுதும்போதுகூட உள்ளே உட்கார்ந்துகொண்டு, காப்பி ஆறிப்போகிறது என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்ல வந்தது, வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் டி.பி. வார்டில் அவள் படுத்திருந்த ஏழு மாதத்தைப் பற்றி. எழுபதுகளின் கடைசி அது. அந்த ஏழு மாதமும் எங்கள் இரண்டு பெண் குழந்தைகளையும் நான் ஒருவன்தான் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், உடுத்திவிட்டேன். பெரியவளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. சின்னவளுக்கு நாலு. நான் ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவன்.

அவளை வார்டில் சேர்த்துவிட்டு வந்த அன்றைக்கே அவளுடைய அக்கா செய்யாறிலிருந்து வந்து இறங்கிவிட்டார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவருக்குக் குழந்தை இல்லை. நான் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்குள் குழந்தைகளின் துணிமணிகளை ஒரு பையில் திணித்து முடித்திருந்தார். எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். பையை வெடுக்கென்று பிடுங்கி, என் பிள்ளைகளை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சரிங்க தம்பி, நீங்களே வெச்சிக்கோங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வந்து பாப்பேன். என்னிக்காவது புள்ளைங்க கண்றாவியா இருந்துச்சின்னா அன்னிக்கே கூட்டிகினு பூடுவேன். அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது."

வீராப்பாக ஒப்புக்கொண்டேன். அவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் பயம் வந்தது. குழந்தை இல்லாத பெண்மணி. ஒரு முறை அழைத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவாரா? சின்னவள் ஒரு மாதத்தில் அங்கேயே ஒட்டிக்கொள்வாள். மனைவியோ ஆஸ்பத்திரியில், வருவாளா மாட்டாளா என்றே தெரியாது. இந்த இரண்டு பேரும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கும் தறிக்கும்தான் வாசம்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து வெந்நீர் வைப்பேன். பெரியவளை முதலில், சின்னவளைப் பிறகு. சோப்பு நுரை கண்ணில் பட்டால் சின்னவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுவாள், அதனால் அவள் நெற்றியில் என் உள்ளங்கையைக் குடை பிடித்துக்கொண்டே ஊற்றுவேன். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, முழங்கை, குதிகால், ஓர் இடம் விடமாட்டேன். யூனிபாரத்துக்கு இஸ்திரிப் பெட்டி கிடையாது, பித்தளைச் சொம்பில் நெருப்புத் துண்டுகளைப் போட்டுத் தேய்ப்பேன். தலைக்கு எண்ணெய் வைப்பதுதான் பெரிய பேஜார். எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட்டால் புடவை போச்சு. ஆகவே சாயங்காலம் தறியை விட்டு எழுந்த பிறகுதான் எண்ணெய். காலையில் வெறும் தண்ணீர் தொட்டு வாரி, இரட்டை ஜடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டுவேன். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவில் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற விரல்கள், ஜடைக்கு முன்னால் முதல் பத்து நாள் தடுமாறித்தான் போயின. கோணல் வகிடு எடுத்து, பிரித்து, மறுபடி வாருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். தெருப் பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் அண்ணி வருவார். தண்ணீர் குடித்ததும் குழந்தைகளை முன்னால் நிறுத்துவார். பேச்சே கிடையாது. காது மடலை மடித்துப் பார்ப்பார். நகத்தைப் பார்ப்பார். கவுனைத் தூக்கி உள்ளே ஷிம்மீஸின் ஓரத்தைப் பார்ப்பார். உள்ளங்காலைத் திருப்புவார். கடைசியில் நான் பின்னிய ஜடையைப் பாதி அவிழ்த்து, முடியைப் பிரித்துப் பிரித்துத் தலை பார்ப்பார். அந்த நேரத்தில் நான் தறி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். எல்லாம் முடிந்த பிறகு "ம்" என்று ஒரு சத்தம். அந்த "ம்" கேட்டால்தான் எனக்கு அடுத்த ஆறு நாள் சோறு இறங்கும்.

வாசல் மண்ணில் அவர்களை விளையாட விடமாட்டேன். மழை நின்றதும் தெருப் பிள்ளைகள் சேற்றில் குதித்துக்கொண்டிருக்கும், இவர்கள் இரண்டு பேரும் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் அழுதார்கள். அதட்டினேன். பெரியவளைக் கூப்பிட்டு, அழுக்கானால் பெரியம்மா கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு அவளே சின்னவளின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடுவாள். பாருங்கள், என்ன பொறுப்பு என்று நான் நாலு பேரிடம் பெருமை பேசினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் வைக்க உட்கார்ந்தேன், சின்னவள் காதுக்குப் பின்னால் பரக் பரக் என்று சொறிந்தாள். முடியை விலக்கினேன். ஈரு. வெள்ளை வெள்ளையாக, அடி முடியில் ஒட்டிக்கொண்டு. பெரியவளை இழுத்துப் பார்த்தேன். அவள் தலையில் பேனே ஓடியது.

யாரையாவது கேட்கலாம் என்றால் எதிர் வீட்டு அம்மாளும் அண்ணியும் சிநேகிதம். நான் பேன் சீப்பு இரவல் கேட்ட செய்தி ஞாயிற்றுக்கிழமை பஸ் நிற்பதற்கு முன்பே அண்ணியின் காதுக்குப் போய்விடும். கடையில் ஒரு பேன் சீப்பு வாங்கி வந்தேன். சனிக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒருத்தி மாற்றி ஒருத்தியாக வாரினேன். தறியில் அவ்வளவு இழையில் ஒன்று அறுந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இந்த ஈரு தப்பியது. உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. தலை எரிகிறது என்று சின்னவள் தேம்பத் தொடங்கினாள். மண்ணெண்ணெய் பாட்டிலைக்கூட எடுத்துவிட்டேன். தலை வெந்துபோனால் என்ன செய்வது என்று பயந்து திரும்ப வைத்தேன். மணி நாலு. நாளைக் காலை ஒன்பதுக்கு பஸ்.

இரண்டு பேரையும் தூக்கி சைக்கிளில் வைத்துக்கொண்டு, என்னைத் தெரியாத ஒரு முடிவெட்டும் கடைக்கு, ஊரின் மறுகோடிக்குப் போனேன். மொட்டை.

பெரியவள் அழவில்லை. மடியில் விழுந்த முடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும்போது எதிர் வீட்டு அம்மாள் பார்த்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தைக்கு மொட்டை என்றால் வேண்டுதலைத் தவிர வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள். பொண்டாட்டிக்காகத் திருத்தணிக்கு வேண்டிக்கொண்டீர்களா, அதுதான் காலையிலிருந்து வீடு சாத்தியே கிடந்ததா என்று அவரே கேட்டு, அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். உள்ளே வந்ததும்தான் உறைத்தது. முருகன் பெயரைச் சொல்லிப் பொய், அதுவும் அவள் உயிருக்காக வேண்டிக்கொண்டேன் என்று. ஆனாலும் மறுநாள் காலையில் சந்தனம் குழைத்து இரண்டு தலையிலும் பூசினேன்.

அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். என்ன இது என்று கேட்டார். வேண்டுதல், திருத்தணி என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்கவில்லை. பெரியவளைக் கூப்பிட்டு, எங்கே மொட்டை அடித்தார்கள் என்று அவளிடம் கேட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"கோயில்ல பெரியம்மா. அம்மாவுக்கு ஒடம்பு நல்லாவணும்னு அப்பா வேண்டிகிச்சி. நெறைய படிக்கட்டு. பாப்பாவ அப்பா தூக்கிகிச்சி, நான் நடந்தே ஏறிட்டேன்."

நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. முந்தின நாள் வாசலில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டு, மீதியை அவளே கட்டியிருக்கிறாள். திருத்தணியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. சொல்லும்போது சின்னவளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், அது ஏதாவது உளறிவிடக் கூடாது என்று. சின்னவளின் விரல் வெளுத்துப் போயிருந்தது.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மொட்டைத் தலைகளையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். சும்மா நின்றிருந்தால் போதும், பிள்ளைகள் எனக்கு. ஆனால் ஆறு வயதுக் குழந்தை இமை கொட்டாமல் பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறதே, அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"பொய்ங்க அண்ணி. கோயிலுக்குப் போவல. பேனு. நேத்து கடையில வெச்சி அடிச்சிட்டேன். உங்களுக்கு பயந்துகினுதான்."

இதற்குமேல் அழைத்துக்கொண்டு போவதானால் போங்கள் என்று சொல்ல வந்தேன். அவர் எதிரில், குழந்தைகள் எதிரில், நின்றபடியே அழுதேன். பெரியவள் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வேன். ஏன் காட்டிக் கொடுத்தாய் என்று கேட்டது அது.

அண்ணி பெரியவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். முந்தானையால் பெரியவளின் தலைச் சந்தனத்தைத் துடைத்தார். கத்தி பட்ட ஒரு கீறலை விரலால் தடவினார். பழக்கத்தில் காது மடலை மடிக்கப்போன கை பாதியில் நின்றுவிட்டது. பேன் எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் வராது, எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே தலையணையில் வந்தது என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நான் என்னா அவ்ளோ கொடுமக்காரியாங்க தம்பி?"

என் பதிலுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும், இனிமேல் நான் தலை பார்க்க வரவில்லை, பிள்ளைகளைப் பார்க்க வருகிறேன் என்றார். சமைத்தார், இரண்டு பேருக்கும் ஊட்டினார், தானும் கொஞ்சம் சாப்பிட்டார். மத்தியானம் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பெரியவள் நிலைப்படியிலேயே நின்றிருந்தாள். பெரியம்மா இனிமேல் எங்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்களா என்று கேட்டாள். மாட்டார்கள் என்றேன். என்றைக்குமா என்றாள். என்றைக்கும்தான் என்றேன்.

"அப்போ நான் மண்ணுல வெளையாடட்டுமாப்பா?"

தலையை ஆட்டினேன். அவள் ஓடவில்லை. உள்ளே போய்ப் போட்டிருந்த கவுனைக் கழற்றினாள். நான் மடிக்கிற மாதிரியே கையை உள்ளே தள்ளி மடித்துப் பாய்மேல் வைத்தாள். சின்னவளின் கவுனையும் கழற்றி மடித்து அதன்மேல் வைத்தாள். பிறகு ஷிம்மீஸோடு வாசலுக்கு வந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் கால் வைக்காமல் நின்று, நெஜமாவா என்று இன்னொரு தடவை கேட்டாள்.