நாகம்மா அண்ணியின் நாற்காலிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். புக்கிட் பாருவில் உள்ள என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அண்ணன் மகன் ராமு பேசினான். "சித்தப்பா, அம்மா போயிட்டாங்க. பசியாறிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியே போயிட்டாங்க" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, நாற்காலி எத்தனை போடுவது என்று கேட்டான். மலாக்காக்காரர்களின் நல்லது கெட்டதுகளுக்கு இத்தனை காலமாக நாற்காலி அனுப்பிவரும் குடும்பம், தன் வீட்டுக்கு எத்தனை வேண்டும் என்று தெரியாமல் நின்றது. இருப்பதில் பாதியை இறக்கச் சொன்னேன். அதுவும் போதவில்லை.

அன்று காஜா பெராங்கில் உள்ள அண்ணி வீட்டுக்கு வந்திருந்தவர்களில் பலருக்கு அவரை முதலாளியம்மாவாகத் தெரியும். கெபாயாச் சட்டையும் கைலியும் உடுத்திக்கொண்டு லோரி ஓட்டிய பெண்மணியாகச் சிலருக்குத் தெரியும். தொழிலின் தொடக்கத்தைப் பார்த்தவர்கள் என்னையும் சேர்த்து இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். அதனால் இதை எழுதுகிறேன்.

நாகம்மா என் அண்ணன் சுப்பையாவின் மனைவி. காஜா பெராங்கில் பல தலைமுறையாக வாழும் மலாக்கா செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். சாமி பெயர்களும் சில உறவுப் பெயர்களும் தவிர அவர்களுக்குத் தமிழ் வராது. வீட்டில் பேசுவது மலாய். நாங்கள் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் மலாக்கா பட்டணத்துக்கு வந்தவர்கள். அண்ணன் தச்சு வேலைக்குப் போனார், நான் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்தேன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் அண்ணன் அவரைப் பார்த்து, பெண் கேட்டு, திருமணம் நடந்தது. அண்ணி எங்களிடமிருந்துதான் தமிழ் கற்றுக்கொண்டார். முதல் ஆண்டு முழுவதும் அவருக்கு 'நீ'யும் 'நீங்க'வும் பிடிபடவில்லை. என் அம்மாவைப் பார்த்து "நீ சாப்பிடு" என்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவார்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, முந்திய ஆண்டுகளில் பட்டணத்தில் ஒரு பழைய படக்கொட்டகையை இடித்தார்கள். உள்ளே இருந்த மர மடக்கு நாற்காலிகளை வெளியே குவித்திருந்தார்கள். கால் ஒடிந்தவை, பலகை பிளந்தவை. அண்ணி அங்கிருந்த காவலாளியிடம் விறகுக்கு வேண்டும் என்று கேட்டு, மாட்டுவண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அண்ணன் வேலை முடிந்து வந்து பார்த்தால் வாசல் நிறைய உடைந்த நாற்காலி. இவ்வளவு விறகு எதற்கு என்று கேட்டார். அண்ணி, இது விறகு இல்லை, நீ தச்சன்தானே என்றார். ஒன்றின் காலை எடுத்து இன்னொன்றில் பொருத்தி, அண்ணன் மூன்று வாரத்தில் இருபத்திரண்டு நாற்காலிகளை நிற்க வைத்தார். மீதி உண்மையாகவே விறகானது.

முதல் வாடகை அடுத்த கம்போங் கிராமத்தில் ஒரு மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரி விருந்து. கூலியாக ஒரு சேவல் கொடுத்தார்கள். அதன் பிறகு சீனர் வீட்டுச் சாவு, தமிழர் வீட்டு நிச்சயதார்த்தம், பள்ளிக்கூட விழா என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. வெயிலுக்கு மறைப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நான் தையல் கடையை விட்டுவிட்டு வந்து, அண்ணன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கித்தான் கூடாரம் தைக்கத் தொடங்கினேன். பெரிய சட்டிகளும் காஸ் விளக்குகளும் பிறகு சேர்ந்தன. அது இரண்டு கட்சிகள் போட்டி போட்டுக் கூட்டம் நடத்திய காலம். இரண்டு கட்சிக்காரர்களும் எங்களிடம்தான் நாற்காலி எடுத்தார்கள். ஒரு கட்சியின் ஆள் வந்து, அந்தப் பக்கத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று அண்ணியிடம் சொன்னார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உங்கள் கூட்டம் சனிக்கிழமை, அவர்கள் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஆகையால் சனிக்கிழமையே சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றார். மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கும் எங்கள் நாற்காலிகள் போயின. பின்வரிசைக்காரர்கள் அவற்றின்மேல் ஏறி நின்று பார்த்ததில் பதினோரு நாற்காலி உடைந்தது. அண்ணன் வருத்தப்பட்டார். அண்ணி, அவர்கள் பார்த்தார்களா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

ஒரு சம்பவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தமிழர் வீட்டுத் திருமணம். காலையில் அறுபது நாற்காலி இறக்கிவிட்டு வந்தோம். அரை மணி நேரத்தில் அத்தனையும் திரும்பி வந்தன. பெண்ணின் தாய்மாமன் ஒரு நாற்காலியை விரித்தபோது, மூட்டில் சீனர் சாவு வீட்டில் எரித்த தாளின் துண்டு ஒட்டியிருந்ததாம். சாவு வீட்டு நாற்காலியைக் கல்யாணத்துக்குப் போடுவீர்களா என்று ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி மஞ்சள் கரைத்த இரண்டு வாளித் தண்ணீரோடு என்னையும் நாற்காலிகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார். வாசலில் வைத்து, எல்லார் கண்முன்னும் ஒவ்வொன்றாகக் கழுவினோம். தாய்மாமன் இடுப்பில் கை வைத்து நின்றார். கழுவினால் தீட்டுப் போய்விடுமா என்று கேட்டார். அண்ணி நிமிர்ந்து பார்த்து, தன் தமிழில் சொன்னார்:

"சாவு வீட்டுல உக்காந்த ஆளுதானே கல்யாணத்துக்கும் வருது. அதை என்னா செய்வீங்க?"

அவர் நாற்காலிகளை எண்ணத் தொடங்கினார். முப்பது நாற்காலியை எடுத்துக்கொண்டார்; மீதிக்குப் பக்கத்து வீடுகளில் பெஞ்சு கேட்டார். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு எங்கிருந்து திரும்பினாலும் நாற்காலிகளைக் கழுவாமல் உள்ளே எடுப்பதில்லை. இன்றும் அப்படித்தான்.

மெர்டேக்காவுக்குப் பிறகு அண்ணனுக்கு மனம் நிலைகொள்ளவில்லை. அவர் கைக்குழந்தையாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நானும் அண்ணியும் இங்கே பிறந்தவர்கள். எங்களுக்குக் குடியுரிமை இருந்தது. அவர்தான் மனுச் செய்ய வேண்டியிருந்தது. செய்யவில்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊரில் எங்கள் அப்பாவின் பங்காக நிலம் இருக்கிறது, கிணறு வெட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தொடங்கினார். ஒருநாள் அண்ணி ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தெங்கேரா பக்கம் இதே தொழில் செய்த ஒரு தௌக்கேயை, சீன முதலாளியை, கூட்டிவந்து எல்லாவற்றையும் காட்டினார். நாற்காலி, கூடாரம், சட்டி, மொத்தமாக விலை பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் அண்ணி வந்துவிட்டார். தௌக்கேக்கு ஒரு நாற்காலியை விரித்துப் போட்டு, காப்பி கலக்கிக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் போகும்வரை அண்ணி வாசலிலேயே நின்றார். பிறகு நாற்காலிக்கு மலாய்ச் சொல்லையே போட்டு அண்ணனிடம் சொன்னார்:

"நீங்க போகணும்னா போங்க. கெரூசி போகாது. பிள்ளைங்களும் போகாது."

அன்றுதான் அவர் 'நீங்க' என்பதை அண்ணனிடம் முதன்முதலில் பயன்படுத்தினார் என்று நினைக்கிறேன். தொழிலுக்கான லைசென்ஸ் அண்ணியின் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் எதையும் விற்க முடியாது. அண்ணன் என்னைப் பார்த்தார். கூடப் பிறந்தவன் நமக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று எதிர்பார்த்தார். நான் பேசவில்லை. எந்தப் பக்கமும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் வந்து கூடாரம் தைத்தேன். அதையே இருவரும் என் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் அடுத்த மாதம் ஒரு பெட்டியோடு கப்பல் ஏறினார். மூத்தவன் ராமுவுக்கு அப்போது ஆறு வயது. அவனுக்குக் கீழே இரண்டு பெண்கள்.

வண்டிக்காரர்கள் பெண்பிள்ளை நடத்தும் தொழில் என்று நேரத்துக்கு வராமல் ஏய்த்தார்கள். அண்ணி பழைய லோரி ஒன்றை வாங்கினார். ஓட்டுவதற்கு ஆள் வைத்தால் அவனும் ஏய்ப்பான் என்று, பக்கத்தில் குடியிருந்த பஸ் ஓட்டுநர் ஹசானிடம் தாமே ஓட்டக் கற்றார். ஓட்டுநர் உரிமத்துக்கான முதல் சோதனையில் கைலி மிதியில் சிக்கியது. இரண்டாவது முறை பின்னால் எடுக்கும்போது எண்ணெய் டிரம்மை இடித்தார். மூன்றாவது முறை, அண்ணன் விட்டுப்போன கால்சட்டையைக் கைலிக்கு அடியில் போட்டுக்கொண்டு, கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டி உட்கார்ந்து ஓட்டினார். சோதனை அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தேர்ச்சி கொடுத்தார். லோரி வந்த பிறகுதான் தொழில் மலாக்காவை விட்டு வெளியே போனது. அலோர் காஜா, ஜாசின், மூவார் வரைக்கும் நாற்காலி அனுப்பினோம். மர நாற்காலி போய் இரும்பு நாற்காலி வந்தது.

ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அண்ணன் எழுதியிருந்தார். நிலத்தில் பங்காளிகளோடு வழக்கு, கிணற்றில் தண்ணீர் இல்லை, மலாயாவுக்குத் திரும்பி வருவதற்கான அனுமதி அடுத்த மாதம் காலாவதியாகிறது. அண்ணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பது கொடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்ப வாங்கி நானே படித்தேன். இப்படி ஒரு வரி இருந்தது: "அவள் என்னைச் சேர்க்கமாட்டாள். இருந்தாலும் நீ கேட்டுப் பார்." அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். கையிலிருந்த துணியால் ஒரு நாற்காலியைத் துடைத்து முடித்தார்.

"வரச் சொல்லு தம்பி" என்றார்.

அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, பஸ்ஸில் மலாக்கா வந்து சேர்ந்தார். நானும் அண்ணியும் லோரியில் போயிருந்தோம். மெலிந்து போயிருந்தார். ஓட்டுநர் இருக்கையில் அண்ணியைப் பார்த்துச் சிறிது நேரம் நின்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அவர் மறுபக்கம் சுற்றி வந்து ஏறினார். அண்ணி அவரைப் பார்க்காமலேயே, "கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க, அது சரியா மூடாது" என்றார். மறுநாள் அண்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தார். சாகும்வரை அங்கேதான் உட்கார்ந்து பழுது பார்த்தார். ஊரில் என்ன நடந்தது என்று அண்ணி கேட்டு நான் கேட்டதில்லை. 'நீங்க' மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் இறந்து சில ஆண்டு கழித்து, ஏன் அன்று வரச் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். இரும்பு நாற்காலி வந்துவிட்டது, ஆனால் மர நாற்காலி எண்பது மிச்சம் இருந்தது, அதற்கு ஆள் வேண்டாமா என்றார். சிரிக்கவில்லை. அது வேடிக்கைப் பேச்சா, உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது ராமுவும் அவன் மகனும் தொழிலை நடத்துகிறார்கள். கிடங்கு இரண்டு, லோரி ஏழு. பெரிய ஹோட்டல்களுக்கு வெள்ளை உறை போட்ட நாற்காலி போகிறது.

இந்தத் தொழிலில் அவசரப்படுத்துவது வழக்கம். விருந்து முடிந்ததும் ஆட்கள் இறங்கி நாற்காலியை மடக்கத் தொடங்குவார்கள். அடுத்த வீட்டில் இறக்க வேண்டும் அல்லவா. அண்ணி அதற்கு ஒருபோதும் விட்டதில்லை. ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் பக்கத்து நாற்காலியில் கை வைக்கக்கூடாது. அவர் தானாக எழுந்து போக வேண்டும். சத்தம் கேட்டு எழுந்தால் அது விரட்டுவது என்பார்.

அவருடைய காரியம் முடிந்து, சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, சாப்பிட்டு, மாலை நான்கு மணிக்குக் கூட்டம் கலைந்தது. கம்போங்கைச் சேர்ந்த வயதான பெண்கள் மூன்று பேர் மட்டும் கூடாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிலும் வெறும் நாற்காலிகள். மறுநாள் காலை ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியவை. ராமுவின் மகன் ஆட்களை லோரிப் பக்கம் நிறுத்திவிட்டு, தானும் கைகட்டி நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குத்தான் அவர்கள் எழுந்தார்கள்.

அண்ணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான். என் வீட்டுக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.