சுற்றுச்சூழல் அமைச்சர் கிடுடு

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் வந்தால் கம்பாலா பாராளுமன்றம் தோற்றுப்போகும். நிதியமைச்சர், விளையாட்டு அமைச்சர் என்று எல்லாப் பதவிக்கும் அடிதடி நடக்கும். சுற்றுச்சூழல் அமைச்சர் பதவிக்கு மட்டும் ஆளே வராது. கிடுடு அதற்குத்தான் நின்றான். யாராவது தன்னை 'மாண்புமிகு' என்று கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு கொள்கை கிடையாது. போட்டியின்றி ஜெயித்தான். அண்ணனின் கல்யாணக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் நான்கூட வெறும் பெயர் சொல்லக் கூடாது.

அந்த வருஷம் பார்த்துக் கழிவறைகளுக்குப் பின்னால் எரிவாயுத் தொட்டி கட்டினார்கள். சமையலறை விறகுக்காக எல்கோன் மலைச்சரிவில் மரம் மொட்டையாகிக்கொண்டிருந்தது. இனிமேல் நாம் கழிப்பதே நமக்குக் களி கிண்டும் என்று முதல்வர் அறிவித்தபோது கூடமே குலுங்கிச் சிரித்தது. மறுநாள் அந்த நெருப்பில் வெந்த சோளமாவுப் போஷோக் களியும் பயற்றுக் குழம்பும் வந்ததும் சிரிப்பு நின்றது. ஒருவரும் தட்டை நீட்டவில்லை. பாதிப் பேர் வாசலில் இருந்த சப்பாத்திக் கடைக்கு நழுவினார்கள்.

தலைமைச் சமையல்காரி நமுத்தோசி அக்கா கிடுடுவைத் தேடிப் பிடித்துக் கையில் தட்டைக் கொடுத்தாள்.

"மொதல்ல நீ சாப்பிடு, மாண்புமிகு. நீ செத்தா நான் பழையபடி விறகுக்கே போயிடறேன்."

கிடுடு கோட்டோடு பெஞ்சின் மேல் ஏறினான். முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். இரண்டாவதுக்குக் கண்ணைத் திறந்தான். தட்டைக் காலி செய்து மறுபடி நீட்டினான். அவன் சுருண்டு விழுவதைப் பார்க்கக் கூட்டம் காத்திருந்தது.

"அக்கா, உப்பு கொஞ்சம் கம்மி," என்றான்.

அவ்வளவுதான். கூடம் வெடித்துச் சிரித்தது, வரிசை வாசல் வரை நீண்டது.

அடுத்த தொல்லை, வாயு போதவில்லை. பயறு பாதி வேகும்போதே நெருப்பு சோர்ந்துவிடும். விடுதிப் பையன்கள் பழக்கதோஷத்தில் சோளக்காட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள். ஊரிலிருந்து வந்து படிப்பவர்கள் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்தார்கள். கிடுடு விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சடங்குகளுக்கு அடிக்கும் கடோடி மேளத்தைக் கட்டி ஊர்வலம் விட்டான். "வீட்ல அடக்கு, காலேஜ்ல எறக்கு" என்று நாங்கள் கத்திக்கொண்டே ஆடினோம். புகையில்லாமல் கண்ணெரிச்சல் தீர்ந்த நமுத்தோசி அக்கா இப்போது எங்களைவிடத் தீவிரம். இரண்டாவது கரண்டி கேட்டால், "இன்னைக்குப் போனியா?" என்பாள். சரித்திர விரிவுரையாளர்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, "போனேன்மா," என்றார்.

பிறகு எங்கள் பரம எதிரிக் கல்லூரி கால்பந்து ஆட வந்தது. விருந்தாளிகளைக் கவனிக்கும் பொறுப்பைக் கிடுடு தானே கேட்டு வாங்கிக்கொண்டான். முந்தின இரவே வந்து தங்கியவர்களுக்கு வேளாவேளைக்குப் பயறாகவே பரிமாறினான். ஆட்டம் முடிந்த பிறகும் தேநீர், பேச்சு, பாட்டு என்று பஸ்ஸைக் கிளம்ப விடவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகக் கழிவறைப் பக்கம் போகப் போக, இவன் கதவருகில் நின்று கைகுலுக்கி நன்றி சொன்னான். ஆட்டத்தில் எங்களுக்குக் கேவலமான தோல்வி. ஆனால் அன்று மாலை அடுப்பு நீலமாகச் சீறியது.

பஸ் கிளம்பும்போது அவர்கள் கேப்டனுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, "டேய், ராத்திரிச் சாப்பாட்டுல எங்க பங்கு எங்கடா?" என்று கேட்டான். நமுத்தோசி அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த தேர்தலில் அந்தப் பதவிக்குக் கடும் போட்டி. கிடுடு தோற்றான். ஜெயித்தவளின் ஊர்வலத்தில் மேளம் அடித்ததும் அவன்தான்.

இப்போது சிரோன்கோ பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறான். போன வாரம் போன் செய்தான். அங்கேயும் தொட்டி கட்டியாயிற்றாம், பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளாம், வாயு சேர நாளாகிறதாம்.

"ஞாயித்துக்கெழம வாடா," என்றான். "நல்லா சாப்பிட்டுட்டு வா."

போகத்தான் போகிறேன்.