இடது காலுக்கு லீவு

"கிளட்ச விடுங்க. இல்லன்னா டிரைவர் வேலைய விடுங்க" என்றார் விழுப்புரத்து மூட்டு டாக்டர். எக்ஸ்ரேயில் என் இடது முழங்காலைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. வெளியே வந்து மாத்திரை வாங்காமலேயே திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவு கோபம். டாக்டர் மேலா, கால் மேலா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தொண்ணூற்று மூன்றில் வெள்ளை அம்பாசடரோடு திண்டிவனம் ஸ்டாண்டில் சேர்ந்தவன் நான். அந்த வண்டியின் கிளட்சை மிதிக்கக் காலில் வலு வேண்டும். பஜார் நெரிசலில் பாதி மிதித்தும் பாதி விட்டும் ஊர்ந்தே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வலது கால் ஏதோ ஆபீசர் மாதிரி லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மாடாய் உழைத்தது இடது கால்தான்.

வேலை போனால் சோற்றுக்கு என்ன செய்வது என்பதுகூட அப்புறம்தான். எனக்கு உட்காரத் தெரியாது, அதுதான் பெரிய பயம். கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன். பஸ்ஸில் சீட்டு இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்த மனுசன்" என்பாள் என் மனைவி. நான் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது ஓடும் வண்டியின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மட்டும்தான். அந்த இடமும் போய்விட்டால் நான் எங்கே போய் உட்கார்வது?

கிளட்ச் இல்லாத வண்டி என்றால் ஆட்டோமேட்டிக். அதற்கு முன்பு வரை அதை நான் மதித்ததே இல்லை. ஸ்டாண்டில் யாருமே மதிக்கவில்லை. கியர் போடத் தெரியாதவர்கள் வாங்குகிற வண்டி என்று பேச்சு. ஆனால் ஊரில் ஒன்றிரண்டு வர ஆரம்பித்ததும், அதிலிருக்கும் மூன்று வகையில் எது உசத்தி என்று வேப்பமரத்தடியில் டீ கிளாசோடு தினமும் பட்டிமன்றம்தான்.

மரக்காணத்திலிருந்து வரும் நெட்டை டிரைவர் ஏ.எம்.டி. கட்சி. அதில் கிளட்சும் கியரும் வழக்கம்போல இருக்கும். மிதிப்பதும் மாற்றுவதும் மட்டும் மெஷின். "மைலேஜ் குடுக்குது, ரிப்பேர் வந்தா நம்ம மெக்கானிக்கே பாத்துடுவாரு. வேற இன்னா வேணும்?" என்பார். அவர் வண்டியை வல்லம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கியருக்கும் வண்டி ஒரு நொடி யோசித்தது. அந்த ஒரு நொடியில் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள்.

ஸ்டாண்டிலேயே மூத்த மீசைக்காரருக்கு டார்க் கன்வர்ட்டர்தான் உசத்தி. "ஆயில்ல மெதக்கிற கியருப்பா அது. மாறுறது தெரியும், ஆனா ஒதைக்காது. என்ன, டீசல தண்ணியா குடிக்கும்" என்பார். பாண்டிச்சேரி பார்ட்டி ஒருவரின் வண்டியில் அதையும் ஓட்டினேன். மூன்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான். இப்போதும் அதுதான்.

மூன்றாவது சி.வி.டி. அதைப் பற்றி மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே அபிப்பிராயம். அதில் கியரே கிடையாது. இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட், கப்பி விரிந்து சுருங்குவதில் வேகம் கூடிக் குறையும். "ரைஸ் மில்லு மாதிரி பெல்ட்ல ஓடுறதெல்லாம் ஒரு காரா?" என்றார் மீசைக்காரர். "நீ மிதிச்சா எஞ்சின் கத்தும், வண்டி அப்பாலதான் வரும். பெல்ட் போச்சுன்னா இந்த ஊர்ல கை வெக்க ஆள் இல்ல. பேஜாரு" என்றார் நெட்டையர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எனக்கு வாய்த்தது அந்தப் பெல்ட் வண்டிதான்.

விழுப்புரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. சென்னை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டும். சின்னக் குலுக்கல்கூட ஆகாது என்று தேடிப்பிடித்து சி.வி.டி. வாங்கியிருந்தார், டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். கிளட்ச் இல்லாத வண்டிக்கு ஆள் கேட்கிற வீடு இந்தப் பக்கம் அது ஒன்றுதான். பிடிக்கிறதோ இல்லையோ, நான் போய் நின்றேன்.

முதல் நாளே பூஜை, திருவக்கரை கோயிலில். புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்பது வழக்கம். அது எனக்குக் கைவந்த கலை, பாதிக் கிளட்சில் இம்மியளவு நகர்த்தி பழத்தின் மேல் ஏற்றுவேன். பூசாரி கையைக் காட்டினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக ஊர்ந்தது. சக்கரம் பழத்தைத் தொட்டதுதான் தாமதம், என் இடது கால் வழக்கப்படி கிளட்சைத் தேடிப் போய் முழு பலத்தோடு மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி அப்படியே ஆணி அடித்தாற்போல் நின்றது. பானெட்டில் வைத்திருந்த தேங்காய்த் தட்டு சரிந்து பூசாரி காலடியில் விழுந்தது. பழம் நசுங்காமல் முழுதாகக் கிடந்தது.

டீச்சர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த பிரேக்க நான் உள்ள இருக்கும்போது போட்டீங்கன்னா, ஆஸ்பத்திரி வேணாம் தம்பி, நேரா சுடுகாட்டுக்கே உட்டுடலாம்" என்றார். நான் குனிந்து தேங்காய்த் தட்டை எடுத்தேன். "சரி, சென்னைக்கு ஒரு தடவ கூட்டிக்கினு போய் வாங்க. அப்புறமா சொல்றேன்."

வீட்டுக்கு வந்து இடது காலைத் திட்டித் தீர்த்தேன். மனைவி கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தக் காலு செருப்ப மட்டும் கழட்டிப் போட்டுட்டு ஓட்டு. செருப்பில்லாத காலு வெளிய வேலைக்குப் போவாது" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். எனக்கு அதைவிட நல்ல யோசனை கிடைக்கவில்லை.

சென்னைக்குக் கிளம்பிய காலையில் இடது செருப்பைக் கழற்றிப் பக்கத்து சீட்டின் கீழே போட்டேன். வெறுங்காலைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டேன். பாதம் தரைவிரிப்பைத் தொட்டுக்கொண்டே இருந்ததில், அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. கால் அடங்கியது, மற்றவை அடங்கவில்லை. இடது கை சும்மா சும்மா கியர் கம்பிக்குப் போய்த் திரும்பியது. காது அதைவிட மோசம். எஞ்சின் சத்தம் ஏறி இறங்குவதை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் வேகத்தைத் தெரிந்துகொண்டேன். இது ஒரே சுருதியில் ஊ என்று இழுத்தது. கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு லாரியை முந்தப் போய் அழுத்தி மிதித்தேன். எஞ்சின் வீறிட்டது, வண்டி சாவகாசமாக வந்தது. எரிச்சலில் இன்னும் மிதித்தேன், இன்னும் வீறிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் மேலே இருந்த கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்திருந்தார். "ஜல்தியா போவணும்னு நான் சொல்லவே இல்லியே தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு லாரி பின்னாலேயே போனேன். மிதியை மெல்லத் தொட்டால் அது கத்துவதில்லை என்று திண்டிவனம் வருவதற்குள் தெரிந்தது. ஸ்டாண்டைத் தாண்டும்போது வேப்பமரத்தடியில் மீசைக்காரர் பெல்ட் சுற்றுவதுபோல் கையைச் சுற்றிக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் மிதிக்கவில்லை. சென்னை வரைக்கும் டீச்சர் கை கைப்பிடியை விடவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது, விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், கண்ணாடியில் அந்தக் கைப்பிடி வெறுமனே தொங்கியது. பதறித் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் மெத்தையில்கூடச் சரியாகத் தூக்கம் இல்லை என்று வரும்போது சொன்னவர்.

விழுப்புரத்தில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். எழுப்ப மனசு வரவில்லை. கதவைத் திறந்தால் சத்தம், ஏசியை அணைத்தால் புழுக்கம். எஞ்சினை ஓடவிட்டு அப்படியே இருந்தேன். பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. மல்லாட்டை வறுத்து விற்கும் தள்ளுவண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். ஓடாத வண்டியில் நான் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். முழங்கால் வலிக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், வலி இல்லை.

டீச்சர் கண்விழித்து, வந்து சேர்ந்து நேரமாகிவிட்டதா என்று கேட்டார். இப்போதுதான் வந்தோம் என்று பொய் சொன்னேன். மெல்ல நகர்ந்து இறங்கப் போனவர், முன் சீட்டின் அடியில் பார்த்துவிட்டு நின்றார்.

"ஒத்த செருப்பு ஏன் தம்பி இங்க கெடக்குது?"

"இடது காலுக்கு லீவு குடுத்துட்டேன் டீச்சர்."

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"அப்ப நாளைக்கும் அதுக்கு லீவே இருக்கட்டும்" என்றார். "நீங்க காலையில வந்துடுங்க."