அட்டைக்குப் பூசிய உப்பு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ரெங்கம்மாக்காவிடம் பேச்சு வாங்காதவர் யாரும் இல்லை. அவரிடம் வாயே திறக்காதது அவருடைய கால்தான். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, காலை மரத்துப்போக வைத்துவிட்டது. செருப்பில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் கொழுந்து பறித்தார். புண் நாறிய பிறகே தெரிந்தது. இடது பெருவிரலை வெட்ட வேண்டியதாயிற்று.

இப்போது வலது கணுக்காலில் புண். இந்தக் காலையும் விட மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஆய்வுக்காகப் புதுவிதக் கட்டொன்று போட்டார்கள். பிளாஸ்டர் போல வளையும் மெல்லிய தாளில் மையால் அச்சடித்த சென்சர்கள். புண்ணின் சூட்டையும் கசிவையும் அவை பார்த்துக் கைப்பேசிக்குச் சொல்லும். ஆறினால் பச்சை, கெட்டால் சிவப்பு; சிவப்பு வந்தால் கைப்பேசி கத்தும்.

"சிவப்பு வந்தா உடன வாங்கோ அம்மா. நோகட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ," என்றார் யாழ்ப்பாணத்துத் தாதி சிவரூபி.

மழை தொடங்கியதும் சிவப்பு வந்தது. அடித்துப் பிடித்து ஓடினார். புண் சுத்தமாக இருந்தது. கட்டை முகர்ந்து பார்த்த சிவரூபி, என்ன பூசினீர்கள் என்று கேட்டார். உப்பும் சவர்க்காரமும்தான். மழைக்காலத்தில் அட்டைக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் காலில் பூசுவதுதானே? அக்கா கட்டைக் காப்பாற்றுவதாக நினைத்து அதன்மேலும் அப்பியிருந்தார். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிச் சென்சரைக் குழப்பிவிட்டது.

லயமே சிரித்தது. நானும்தான். அன்றிலிருந்து உப்பை விட்டு, நீளமான மேஸ் காலுறை மாட்டிக்கொண்டு மலைக்கு வந்தார்.

பிறகு ஒருநாள், தேயிலை நிரையில் நிற்கும்போது மறுபடி சிவப்பு. வலியில்லை, வீக்கமுமில்லை. திரும்பவும் உப்பாக இருக்கும் என்று கேலி செய்தோம். கொழுந்தை எடை போட்ட பிறகு போகலாமே என்றார் கங்காணி. அக்கா கூடையை இறக்கி என்னிடம் தந்துவிட்டு, திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்கு நடந்தார். அவர் கூடையும் என் தலையில் விழுந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது.

மேல்தோல் மூடியிருந்த இடத்தில், அடியில் சீழ் கட்டியிருந்ததாம். கீறி எடுத்தார்கள். தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றாராம் டொக்டர். கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

புண் ஆறி, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அக்கா வந்த அன்றும் கங்காணி கேலியை விடவில்லை. அன்றைக்கும் அந்தக் கைப்பேசி சும்மா கத்தியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று சீண்டினார்.

அக்கா இரண்டு கால்களையும் ஊன்றி நின்றார்.

"சும்மா கத்துனாலும் போவேங்க. வெரலு போனப்ப எதுவுமே கத்தலையே."