தானா நிக்கும்ல, தம்பி?

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. என் மச்சானுக்கு, அக்கா வீட்டுக்காரருக்கு, நடந்தது. அவர் கையை நானே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மச்சான் ஏசி மெக்கானிக். எங்கள் மலையூரில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் மெஷின்கள்தான் அவர் பிழைப்பு. தெருவில் அவருக்கு ‘மீட்டர்’ என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கரன்ட் அளக்கிற மீட்டர் இருக்கும். வாய்தான் எந்த மீட்டருக்கும் அடங்காது. “நாளைக்கு வந்து முடிச்சிடறேன்” என்று அவர் சொன்னால், அந்த நாளை எந்தக் காலண்டரிலும் கிடையாது.

அன்று பகல் 2:10. போன் அடித்தது. பெண் குரல்.

“மறுபடியும் ஈ-ஒன் காட்டுது, தம்பி. வாங்க.”

ஈ-ஒன் என்றால் அறையின் சூட்டை அளக்கும் சென்சாரில் கோளாறு. சின்ன வேலை. குரல் சொன்ன முகவரியில் மூன்றாவது மாடி. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. “அம்மா?” என்றார். உள்ளே நுழைந்தார். உள்ளறையில் மெத்தையில்லாத இரும்புக் கட்டில். சுவரில் மெஷின், அதில் ஈ-ஒன் மின்னி மின்னி மறைந்தது. மூச்சு விட்டால் புகை வரும் அளவுக்குக் குளிர். வீட்டுக்காரம்மா குளித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து, ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றினார்.

உள்ளே சென்சார் இல்லை. அந்த இடத்தில் எப்போதும் ஒரே எண் காட்டும் ஒரு ரெசிஸ்டர், மேலே மஞ்சள் டேப்.

சென்சார் கைவசம் இல்லாதபோது சிலர் செய்கிற தில்லுமுல்லு இது. பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்துக் கட்டிவிட்டால், அறை எப்போதும் இருபத்தைந்து டிகிரியில் இருப்பதாகவே மெஷின் நம்பும். கோளாறு எண் போய்விடும். முப்பதில் வைத்தால் மட்டும் நிறுத்தாமல் சூட்டை ஊதிக்கொண்டே இருக்கும்.

டேப்பின் நுனி முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது. அப்படி மடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். என் மச்சான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன குளிர்காலம். கால் விளங்காத டீச்சரம்மா. இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டார்கள், “சூடு ஏறினா தானா நிக்கும்ல, தம்பி?”

“நிக்கும்மா. நிம்மதியா தூங்குங்க. நாளைக்கு வந்து ஒரிஜினல் போட்டுடறேன்.”

போகவில்லை.

அந்தம்மா வருவதற்குள் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தார். பையிலிருந்து புது சென்சாரை எடுத்து மீட்டரில் மாட்டித் தொங்கவிட்டார். மணி 2:31. குளிருக்குத் தகுந்தபடி இருபத்தைந்து கிலோ ஓம் காட்டியது. சூடு ஏற ஏற எண் இறங்க வேண்டும். கையால் பொத்திப் பிடித்தால் ஆறுக்கு வரும். அதுதான் சோதனை.

பொத்திப் பிடிக்கக் கை நீட்டினார்.

அதற்குள் எண் இறங்கியது.

20... 14... 9...

6.

சென்சார் காற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல் அதைத் தொடவேயில்லை.

டிக்.

மெஷின் ஊத ஆரம்பித்தது. அனல். பிளக்கைப் பிடுங்க ஸ்டூலிலிருந்து குதித்தார்.

பிளக் ஏற்கெனவே தரையில் கிடந்தது.

5... 4...

கதவுக்கு ஓடினார். திறக்கவில்லை. கைப்பிடி சுட்டது.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“தானா நிக்கும்ல, தம்பி?”

“அம்மா... மன்னிச்சிடுங்கம்மா...”

“நிக்கும்னு சொன்னியே.”

எதுவோ அவர் வலது கையைப் பொத்திப் பிடித்தது.

நிதானமாக... சோதனை பார்ப்பது போல.

2:40. கதவு திறந்தது.

கீழே வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மூணாவது மாடியா? டீச்சரம்மா தவறிப்போனதிலிருந்து அது பூட்டித்தானே கிடக்கு. கரன்ட்டையும் அப்பவே வெட்டியாச்சு.” மூன்றாம் நாள்தான் கதவை உடைத்தார்களாம். முப்பதில் வைத்திருந்த ரிமோட் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டாத இடத்தில் கிடந்ததாம். “அப்பவும் மெஷின் ஓடிட்டுத்தான் இருந்தது, சார். உள்ள கால் வைக்க முடியல.”

இதோடு முடிந்திருந்தால் மச்சான் கதை விடுகிறார் என்று நானே கிண்டல் செய்திருப்பேன்.

அன்று மாலை அக்கா கை தவறி, கொதிக்கிற தண்ணீரை அவர் வலது கையில் கொட்டிவிட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோல் சிவக்கவும் இல்லை. அவருடைய சென்சாரையே எடுத்து முதலில் என் கையில் பொத்திப் பார்த்தேன். ஆறு. பிறகு அவர் கையில் வைத்தேன்.

10.

ஐந்து நிமிடம் பிடித்திருந்தார். பத்து, பத்து, பத்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ரெசிஸ்டர் சொன்ன அதே எண்.

போன வாரம் மணிக்கட்டு வரைதான் அப்படி இருந்தது. நேற்று முழங்கைக்கு மேலே வைத்துப் பார்த்தோம். அங்கேயும் பத்து. இனி தோள். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை.

அக்கா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள், “இது தானா நின்னுடும்லடா?”

“நிக்கும்க்கா” என்றேன். “நிம்மதியா தூங்கு.”