வக்கீலுக்கு வீடு தர மாட்டோம்

மெக்சிகோ நகரத்தில், குடும்ப நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில், இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊர் வக்கீல்களில் யார் பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர், யார் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் உட்கார்ந்து எழுதுபவர் என்பது, தாளைக் கண்ணாடி மேல் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். செனாய்தா பார்ரியோஸ் உட்கார்ந்து எழுதுகிற ரகம். இருபத்தாறு வயதில் என் கடைக்கு முதல்முதலாக வந்தாள். பக்கங்களை எண்ணி வாங்கினாள், ஒன்று மங்கலாக இருந்ததைத் திருப்பித் தந்தாள். கோபம் வந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்தபோது அவள் சொன்ன நன்றியில் கோபம் போய்விட்டது.

இரண்டு சீனியர் வக்கீல்களுக்குக் கீழே ஜீவனாம்ச வழக்குகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் மாதம் பதினோராயிரம் பெசோ. வீடு நகரத்துக்கு வெளியே எகாத்தெபெக்கில், அப்பா அம்மாவோடு. காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி, வேனில் நசுங்கி, மெட்ரோவில் நின்றுகொண்டே தூங்கி எட்டு மணிக்கு வந்து சேருவாள். சில நாள் என் மெஷினில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடுவாள்.

"மெஷின் சூடு முதுகுக்கு இதமா இருக்கு அண்ணாச்சி. அஞ்சு நிமிஷம்."

"வாடகை போட்டுருவேன், வக்கீலம்மா."

"நோட்டீஸ் அனுப்புங்க. பதில் கொடுக்கிறேன்."

அவள் அப்பா மக்காரியோ கொத்தனார். முப்பது வருடமாக இந்த நகரத்துக்குள் வந்து கட்டடம் கட்டிவிட்டு, சாயங்காலம் எகாத்தெபெக்குக்குத் திரும்புகிற மனிதர். மகளுக்கு அரசாங்கத்தின் வக்கீல் அட்டை கிடைத்த அன்று இருவரும் சேர்ந்து என் கடைக்கு வந்தார்கள். அதைப் பெரிதாக்கி ஆறு பிரதி எடுக்கச் சொன்னார். ஆறு எதற்கு என்று கேட்டேன். வீட்டுக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று, மீதி நாலும் வேலையிடத்தில் காட்ட, கைபட்டு அழுக்காகிவிடும் அல்லவா என்றார். செனாய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜூனில் ஒருநாள் பெருமழை. மெட்ரோ ஒன்றரை மணி நேரம் சுரங்கத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒன்பதரைக்கு அவளுக்கு விசாரணை. ஓடி வந்து சேர்ந்தபோது நாலு நிமிடம் தாமதம். இரண்டு குழந்தைகளோடு தனியாக உட்கார்ந்திருந்த அவள் கட்சிக்காரப் பெண்ணுக்கு நீதிபதி மறுதேதி கொடுத்திருந்தார், இரண்டு மாதம் தள்ளி. அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்களும் நனைஞ்சுட்டீங்களே" என்று தன் துண்டை எடுத்துக் கொடுத்தாளாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று செனாய்தா என்னிடம் சொன்னாள். அன்றே நகரத்துக்குள் வீடு பார்க்க முடிவெடுத்தாள்.

முதல் சிக்கல் ஜாமீன். நகரத்துக்குள் சொந்த வீடு உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மக்காரியோவின் வீடு எகாத்தெபெக்கில் இருந்தது, அது நகர எல்லைக்கு வெளியே. அதனால் செல்லாது. இரண்டாவது சிக்கல் பணம். அவள் கொடுக்கக்கூடிய ஐயாயிரத்துக்குள் வந்த இடங்களெல்லாம் முந்தைய வருட நிலநடுக்கத்தில் விரிசல் விட்டவை. அவள் விடுவாளா? கட்டடத்தைப் பரிசோதித்த இஞ்சினியர் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்பாள். கேட்டதும் வீட்டுக்காரர் கண்ணைச் சுருக்குவார். என்ன வேலை பார்க்கிறாய் என்பார். அங்கேதான் மூன்றாவது சிக்கல், எல்லாவற்றிலும் பெரியது.

எங்கள் ஊரில் வக்கீலுக்கு வீடு கொடுக்க யாருக்கும் மனம் வராது. போர்டிலேயே எழுதி வைப்பார்கள், நாய் கூடாது, குழந்தை கூடாது, வக்கீல் கூடாது என்று. வாடகை கொடுக்காமல் உட்கார்ந்துகொண்டு, காலி செய்யச் சொன்னால் கோர்ட்டுக்கு இழுத்து, நாலு வருடம் ஓட்டிவிடுவார்கள் என்ற பயம். பயத்தில் பொய்யும் இல்லை. அப்படி ஓட்டியவர்களின் மனுக்களை நானே பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்து வாரத்தில் பதினேழு வீடு. பதினேழிலும் அதே பதில். நர்வார்த்தே பகுதியில் ஒரு பெரியவர் மட்டும் மரியாதையாக காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு மாட்டேன் என்றார்.

அவளோடு அலுவலகத்தில் வேலை பார்த்த மிரேயாதான் அந்த யோசனையைச் சொன்னாள். பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன் என்று சொல்லிவிடு, தன் அண்ணி பல் டாக்டர், ஒரு கடிதம் வாங்கித் தருகிறேன் என்றாள். செனாய்தாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அசதி. பொர்த்தாலெஸ் பகுதியில் ஒரு வீடு, முதல் மாடி, நல்ல வெளிச்சம், நாலாயிரத்து எண்ணூறு. வீட்டுக்காரர் தன்மையான மனிதர், ஜாமீனுக்குப் பதில் இரண்டு மாத முன்பணம் போதும் என்றார். அவள் ரிசப்ஷன் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்துச் சொல்ல அப்பாவைக் கூட்டிப் போனாள். பொய்யைப் பற்றி அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மக்காரியோ விரல் முட்டியால் ஒவ்வொரு சுவராகத் தட்டினார். ஜன்னலோர விரிசல் பூச்சில்தான், தூணில் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். வீட்டுக்காரருக்கு அவரைப் பிடித்துப்போனது. இருவரும் சிமெண்ட் விலை பேசினார்கள். பேச்சோடு பேச்சாக, ஒரே பெண்ணா என்று அவர் கேட்டார்.

மக்காரியோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "ஒரே பொண்ணுதாங்க. வக்கீல். கவர்மெண்டு அட்டை வாங்கியாச்சு. எங்க வம்சத்துலயே முதல் ஆளு." சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த பிரதியை எடுத்து விரித்தும் காட்டினார்.

வீட்டுக்காரர் அதை முழுதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வாழ்த்துகள் என்று அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு, மகளைப் பார்த்து, வீட்டை இப்போதைக்குக் கொடுப்பதாக இல்லை என்றார்.

மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் கடந்தது. பிறகு மக்காரியோ கேட்டார்.

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா, கண்ணு?"

"இல்லப்பா. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் வேற என்னமோ சொல்லி வெச்சிருந்தேன்."

என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. இறங்கும்வரை அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தார் என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே கதவு திறந்ததும் முதல் வார்த்தை அதான் அண்ணாச்சி. வேண்டாம்னா வேண்டாம்" என்றாள்.

எர்மினியா அம்மாவைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். சொல்லத் தயக்கமாகவே இருந்தது. சாந்தா மரியா பகுதியில் மூன்று மாடிப் பழைய கட்டடத்தின் சொந்தக்காரி, கணவர் விட்டுப்போனது. மூன்றாவது மாடியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதில் முன்பு இருந்தவர் ஒரு வக்கீல். அவரைக் கிளப்ப அந்த அம்மாளுக்கு மூன்று வருடமும் என் கடையில் ஒரு பெட்டித் தாளும் ஆயிற்று. வக்கீல் என்ற சொல்லைக் கேட்டாலே தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

செனாய்தா போனாள். கதவு திறந்ததும், "வணக்கம்மா, நான் வக்கீல், மேல் வீட்டைப் பார்க்க வந்தேன்" என்றாள். கதவு மூடிக்கொண்டது. சங்கிலியோடு மறுபடி ஒரு சாண் திறந்தது.

"தைரியம்தான் உனக்கு. ஆள விரட்டவும் தெரியும், போகாம உக்காரவும் தெரியும். உங்கிட்ட வீட்டைக் குடுத்துட்டு நான் எந்தத் தூணுல முட்டிக்க?"

"ரெண்டும் தெரியும்மா. ரெண்டுமே தேவைப்படாத மாதிரி ஒரு ஒப்பந்தம் எழுதிட்டு வரேன். பிடிக்கலன்னா அடுப்புல போடுங்க."

வீட்டையாவது பார்க்கவிடுங்கள் என்று கேட்டாள். என்ன நினைத்தாளோ, எர்மினியா அம்மா சாவியைக் கதவிடுக்கில் நீட்டினாள். செனாய்தா மேலே போய் ஒரு மணி நேரம் இருந்தாள். இறங்கி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, சமையலறைக் கூரை ஒழுகுகிறது, அது தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று நாள் கழித்து நாலு பக்க ஒப்பந்தம் அந்தக் கதவுக்கடியில் நுழைந்தது. அதன் முக்கியமான சங்கதி இதுதான். இருவரும் நீதிமன்றத்தின் சமரச மையத்துக்குப் போய், அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. அங்கே போட்ட ஒப்பந்தத்துக்குத் தீர்ப்பின் பலம் உண்டு. வாடகை நின்றால் வீட்டுக்காரி புதிதாக வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டியதில்லை, நேராகக் காலி செய்ய வைக்கலாம். வக்கீலின் ஆயுதத்தை வக்கீலே எதிராளி கையில் கொடுத்திருந்தாள். ஜாமீன்தாரருக்குப் பதில் அதுதான் ஜாமீன். ஆனால் தன் பக்கத்தையும் விடவில்லை. கூரையைப் பதினைந்து நாளில் வீட்டுக்காரி சரிசெய்ய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வாடகை ஏறக்கூடாது. காலி செய்தால் முன்பணம் முப்பது நாளில் திரும்ப வேண்டும். சொல்லாமல் உள்ளே வரக்கூடாது.

மறுநாள் எர்மினியா அம்மா என் கடைக்கு வந்தாள். மூன்று பிரதி என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு நீதிமன்ற வாசலிலேயே நின்று, போகிற வருகிற வக்கீல்களில் மூன்று பேரைப் பிடித்தாள், ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்து, இதில் குழி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். முதல் வக்கீல் நின்றபடியே படித்துவிட்டுக் குழி இல்லை என்றார். இரண்டாமவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இருமுறை படித்தார். குழி இல்லை, ஆலோசனைக் கட்டணம் முந்நூறு பெசோ என்றார். அந்த அம்மாள் நூறு கொடுத்தாள். மூன்றாமவர் தலை நரைத்தவர், கண்டிப்பானவர், என் கடையில் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

"மேல் வீடு கேக்குற ஒரு சின்னப் பொண்ணு. ஏன், ஏமாத்துக்காரியா?"

"அந்தப் பொண்ணு என் ஆபீசுக்கு வேலைக்கு வருமான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா."

எனக்கு என்னவோ என் மகளைச் சொன்னதுபோல் இருந்தது. மெஷினுக்குப் பின்னால் போய்த் தாள் அடுக்கினேன்.

எர்மினியா அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். மூக்குக் கண்ணாடியை மாட்டி ஒழுகுகிற கூரையைப் பற்றிய பத்தியைத் தானே ஒருமுறை படித்தாள். முன்பிருந்த வக்கீல் குடிவரும்போது அந்தக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாள். குடிவந்த எட்டாவது மாதம் அதைக் காரணம் காட்டித்தான் வாடகையை நிறுத்தியிருக்கிறார். "இவ வர்றதுக்கு முந்தியே சொல்றா. ஏமாத்த நெனைக்கிறவ முந்தியா சொல்லுவா?" என்று என்னைக் கேட்டாள். நான் அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், மங்கலான பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது உட்பட.

ஆகஸ்ட் இருபதாம் தேதி சமரச மையத்தில் கையெழுத்தானது. வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. கையெழுத்துப் போடும் முன் எர்மினியா அம்மா வாடகை ஏற்றம் பற்றிய பத்தியில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லி வாதாடியிருக்கிறாள். செனாய்தாவும் விட்டுக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் நடந்ததாம். கடைசியில் எர்மினியா அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, நல்ல வேளை எனக்கு எதிராக இவள் வழக்காடவில்லை என்று சமரச அதிகாரியிடம் சொன்னாளாம்.

குடிபோன அன்று கட்டிலை மக்காரியோ தனியாகவே மூன்று மாடி தூக்கிப் போனார், யாரையும் தொடவிடவில்லை. நானும் ஒரு பழைய மேசை கொண்டுபோனேன். செனாய்தாவின் அம்மா செய்து அனுப்பிய மோலே குழம்பும் சோறும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், எர்மினியா அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கூரையைச் சரிசெய்ய அவள் பிடித்து வைத்திருந்த ஆள் சொன்ன கூலியைக் கேட்டு மக்காரியோ சிரித்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை தானே வந்து இரண்டு நாளில் முடித்தார், அந்தக் கூலியில் பாதியை வாங்கிக்கொண்டு. இனாமாகச் செய்கிறேன் என்று அவர் சொன்னபோது மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அது வீட்டுக்காரியின் பொறுப்பு, எழுதியிருக்கிறது என்றாள்.

சனிக்கிழமை ராத்திரி அவர் அங்கேயே தங்கினார். முப்பது வருடத்தில் இந்த நகரத்துக்குள் அவர் தூங்கிய முதல் இரவு. ஞாயிறு காலை தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே மொட்டைமாடியில் நின்று, தான் வேலை செய்த கட்டடங்களை ஒவ்வொன்றாக மகளுக்குக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் ஒன்பது தெரிந்ததாம். அதில் ஒன்றின் பதினோராம் மாடியில்தான் அவளுடைய சீனியர்களின் அலுவலகம். அவளுக்கு அது அதுவரை தெரியாது. திங்கட்கிழமை வேலைக்குப் போனவள் லிஃப்டிலிருந்து இறங்கி, ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போனாளாம்.

மறுதேதி போட்ட அந்த வழக்குக்கு அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றாள். ஜீவனாம்சமும் கிடைத்தது.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. சீனியர்களை விட்டு வந்து தனியாக வழக்கு நடத்துகிறாள். சாந்தா மரியா பகுதியில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் என் கடைக்கு வந்து, எர்மினியா அம்மா வீட்டு ஒப்பந்தத்தில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிடுவேன். ஃப்ரெஸ்னோ தெருவில் அந்த அம்மாள் கட்டடம், மூன்றாவது மாடி, படியேறிப் போய்க் கேளுங்கள், உங்களுக்கென்று தனியாக எழுதித் தருவாள், கட்டணம் உண்டு, பேரம் பேசாதீர்கள் என்று அனுப்பி வைக்கிறேன்.